முதல் சாக்கெட்டுக்கு

சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பர் விரித்து
நான்கு வால்வுகளைப் படுக்க வைத்திருக்கிறேன்,
உருளாதிருக்க உப்புக் கிண்ணத்தை முட்டுக் கொடுத்து.
தரையில் முதுகு திறந்து கிடக்கிறது ஆம்ப்.
பிளக்கைப் பிடுங்கி அரைமணி ஆகப்போகிறது.
உள்ளே கொஞ்சம் மின்சாரம்
வட்டிக்காரன்போல் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும்.
இன்னும் கை வைக்கவில்லை.

போன ஞாயிறு வாடிப்பட்டி மண்டபத்தில்
மூன்றாவது பாட்டின் நடுவே கடுகு வெடித்தது,
ஸ்பீக்கரில்.
பெண்ணின் மாமா பந்தி நடக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார்.
போனது முதல் சாக்கெட் வால்வு.
தந்தி நடுங்குவதை முதலில் கேட்பது அதுதான்.
அது பொய் சொன்னால்
பின்னால் நிற்கிறவை எல்லாம்
அந்தப் பொய்யையே உரக்கச் சொல்லும்.

முதலாவது ரஷ்யாக்காரன்.
வந்ததை நூறாக்குவான்.
கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழும் நொடியைக்
கண்ணாடிக்குள் அடைத்த மாதிரி.

ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்ததும் நூறுதான்,
ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்.

மூன்றாவது, மஞ்சனக்காரத் தெரு சாந்தாராம் கடையில்.
"டூரிங் டாக்கீஸ் ஆம்ப்புல பிடுங்குனது சார், ராசியான சாமான்."
உச்சியில் பூசிய வெள்ளி பாலாய் வெளுத்திருந்தது.
காற்று புகுந்துவிட்டதென்று
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
எழுத்து அழிந்த கண்ணாடி அழகாயிருந்தது.
இருநூறு கொடுத்தேன்.

ஒவ்வொன்றாய்ச் சொருகி, சூடேற்றி
பென்சிலின் ரப்பர் முனையால் தட்டினேன்.
ரஷ்யாக்காரன் டொக் என்றான், அவ்வளவுதான்.
ஸ்லோவாக்கியா
எவர்சில்வர் தம்ளர் படியில் உருண்டதுபோல்
நெடுநேரம் கணகணத்தது.
காது முளைத்த வால்வு.
நான் நாற்காலியை இழுத்தால் ஸ்பீக்கரும் இழுக்கிறது.
விட்டால் கீழ்வீட்டில் மாவு அரைபடுவதை
எல்லீஸ் நகர் முழுக்க ஒலிபரப்பும்.

நான்காவது எழுபதுதான் ஆக்கும்.
கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.
ஏன் வாங்கினேன் என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை.

நசீமாவுக்கு மார்ச்சில் தொண்டையில் ஆபரேஷன்.
ஐந்தரைக் கட்டையில் பாடியவள் நாலுக்கு இறங்கிவிட்டாள்.
கீபோர்டு ஜெபசிங்குக்கு ஒரு பொத்தான் போதும்.
என் விரல்கள்தான் கிதார்க் கழுத்தில் வேறு வீடு பார்த்தன.
அவள் இறங்கி வந்த இடமோ
என் கிதார் முன்பே குடியிருக்கும் இடம்.
ஒரே நிலைப்படியில் முட்டிக்கொள்கிறோம்.
வால்யூமைக் குறைத்தால் போதாதா என்பீர்கள்.
குறைத்தால் கிதார் தூரம் போகும்.
பக்கத்தில் நின்றபடியே அது
தாழ்ந்து பேச வேண்டும் எனக்கு.

ஒன்பது கால், ஒரு இடைவெளி.
மெல்ல ஆட்டி எழுபதை இறக்கினேன்.
ஊதுவத்தி நுனியளவு சிவப்பு.

சோழவந்தான் வைகாசித் திருவிழா.
ஒச்சப்பனின் ஜெனரேட்டர் இரண்டு முறை திணறிற்று.
நசீமாவின் குரலில் மணல்.
ஆனால் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற
ஐஸ் வண்டிக்காரர் வரைக்கும்
ஒவ்வோர் எழுத்தும் நடந்து போய்ச் சேர்ந்தது.
என்னுடைய முப்பதை அவளுக்குக் கொடுத்துவிட்டதாக
எனக்குள் ஒரு பெரிய மனிதத்தனம்.

வேன் நகர்ந்ததும்
ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்:
"என்னண்ணே ஒங்க பெட்டிக்கு? ஆளே இல்லாத மாதிரி.
ரெண்டாவது சரணத்துல எட்டாத எடம் வரும்ல,
ஒங்க சத்தத்துக்குள்ளதான் போயி ஒளிஞ்சுக்குவேன்.
இன்னிக்கு ஒளிய எடமே இல்ல."
வெந்நீர் அவள் துப்பட்டாவில் சிந்தியது.
பள்ளம், பள்ளம் என்றான் டிரைவர்.

ராத்திரி இரண்டரை.
மறுபடி பேப்பர், உப்புக் கிண்ணம்.
பிளக்கைப் பிடுங்கிவிட்டு
உட்கார்ந்திருக்கிறேன்,
அரைமணி.